தலைவரின் உரைக்குக் கூட்டம் சேர்ந்த கதை

டென்மார்க்கில் இணையத்தளம் வடிவமைத்துச் சம்பளம் வாங்கத் தொடங்கிய புதிதில், கோல்டிங்கில் ஓர் இறுதிச்சடங்கு நிறுவனத்துக்குத் தளம் செய்துகொடுத்தேன். முகப்புப் பக்கத்தின் அடியில், சின்னதாக ஒரு ரோசாப்பூவும் போட்டு, "வருகைக்கு நன்றி, மீண்டும் வருக" என்று அழகான டெனிஷ் மொழியில் எழுதிவைத்த ஆள் நான்தான். எழுத்துப்பிழை இல்லை. அதில் எனக்கு அன்று பெருமையும் இருந்தது.

நான் வேறென்ன செய்வேன்? எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடைப் பையில் அந்த வரி இருக்கிறது, சாப்பாட்டுக் கடை பில்லில் இருக்கிறது, அதுவரை நான் சும்மா செய்துகொடுத்த தமிழ்த் தளங்கள் அத்தனையிலும் இருந்தது. போடாவிட்டால் வந்த ஆளை வாசலோடு அனுப்பியது போலிருக்கும். எங்கள் அலுவலகத்து மேலாளர் அம்மா என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். திரையைக் காட்டினார். சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை.

"இவர்களிடம் யாராவது இரண்டாம் முறை வந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்றார்.

அவ்வளவுதான். அந்த அம்மாவின் பெயரைச் சொல்லமாட்டேன். புகழ்ந்தால் டெனிஷ்காரருக்குச் சொறி வந்துவிடும். ஆனால் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றது அனைத்தும் அவருடைய இப்படிப்பட்ட ஒற்றை வரிக் கேள்விகளில்தான் கற்றேன். மற்றதையெல்லாம் பயிற்சி வகுப்புகளில் கற்று, அடுத்த வருடமே மறந்து, அதற்குரிய சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு பொட்காஸ்ட் தொடங்கப்போவதாகவும், பெற்றோரின் அகதிக் கதைகளைப் பதிவுசெய்து தளத்தில் ஏற்றப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். எந்த மென்பொருள் நல்லது, எந்த ஒலிவாங்கி நல்லது, எந்த எழுத்துரு நல்லது என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் நான் பதில் எழுதி முடிப்பதற்குள் மூன்றும் மாறிவிடும். ஓய்வு பெற்றவனுக்கு இருக்கும் ஒரே வசதி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்காத கதையைச் சொல்லலாம் என்பது. அந்த வசதியை இப்போது பாவிக்கப்போகிறேன்.

நானும் ஒரு பொட்காஸ்ட் தளம் கட்டினேன். உங்களில் சிலர் அப்போது பாலர் பாடசாலையில் டெனிஷ் பாட்டுப் பாடிக்கொண்டிருந்திருப்பீர்கள். ஊரில் போர் முடிகிற காலம். ஹொல்ஸ்டெப்ரோவில் எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். தலைவருக்கு ஒலிவாங்கி என்றால் உயிர். வாரம் ஒரு ஒலிநிகழ்ச்சி செய்து இணையத்தில் விடுவோம் என்று நான் சொன்னதும், "அதுக்கென்ன, நான் கதைக்கிறன், நீர் ஏத்தும்" என்று ஒரே மூச்சில் வேலையைப் பங்கு பிரித்துவிட்டார்.

தளம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். முதல் செயற்குழுக் கூட்டம் முழுவதும் படங்கள் எந்த வரிசையில் வரவேண்டும் என்பதில் போனது. அடுத்த கூட்டம், பொருளாளரின் படத்தில் கழுத்துப்பட்டி கோணலாக இருப்பதில் போனது. "எங்களைப் பற்றி" என்ற பக்கம் மட்டும் மற்ற எல்லாப் பக்கங்களையும் சேர்த்த நீளம். ஒலிப்பதிவுகளை எங்கே வைப்பது என்று நான் கேட்டபோது, "எங்கையாவது கீழை ஒரு மூலையிலை வையும்" என்றார்கள். பயனர் ஆய்வு, பயனர் பயணம் என்று சுவரில் மஞ்சள் தாள் ஒட்டுகிறீர்களே, எங்களுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. செயற்குழுவில் ஏழு பேர், அவர்களேதான் பயனரும்.

ஒன்றே ஒன்றை மட்டும் நான் சொந்த மூளையால் சேர்த்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரு பின்னூட்டப் பெட்டி. எவரும் எழுதலாம், எழுதியது உடனே தெரியும், யாருடைய அனுமதியும் வேண்டாம். சனநாயகம்! நான் அதை அப்படித்தான் செயற்குழுவுக்கு விளங்கப்படுத்தினேன். கைதட்டினார்கள்.

பிறகு வன்னியில் சண்டை முடிந்தது. எங்கள் வீடுகளில் அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், நான் இதில் பகிடி விடமாட்டேன். எல்லோரும் எடுக்காத தொலைபேசி இலக்கங்களுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தோம். மிஞ்சியவர்கள் வவுனியாப் பக்கம் முட்கம்பி போட்ட முகாம்களில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. யார் மிஞ்சினார்கள் என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் சுமதி என்னைத் தேடி வந்தாள். ஹொல்ஸ்டெப்ரோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளை. அவளுடைய தம்பி ஒருவன் அந்த முகாமில் இருந்தான். ஒளித்து வைத்த கைத்தொலைபேசி ஒன்றிலிருந்து அவளுக்கு அடித்திருக்கிறான். அவள் வேலைக்குப் போயிருந்ததால், வீட்டுத் தொலைபேசியின் பதிவுப் பெட்டியில் மூச்சுவிடாமல் பேசி வைத்திருக்கிறான். தான் உயிரோடு இருப்பதையும், கூட யார் யார் வந்து சேர்ந்தார்கள், யாரை வழியில் விட்டார்கள் என்பதையும் சொல்லியிருந்தான். இளம் பெடியளை ஆமிக்காரர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரணைக்குக் கொண்டுபோகிறார்கள், சிலர் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லியிருந்தான்.

"அண்ணை, அவன் சொல்லுற ஆக்களைத் தேடி எத்தினை சனம் அழுதுகொண்டிருக்கும். அதுகள் கேட்டால் நிம்மதியா இருக்குமெல்லோ. போடுங்கோ. ஆனால் இவன் ஆரெண்டு ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சால் அடுத்த பேர் இவன்ரைதான்."

"தங்கச்சி, நீ யோசிக்காதை" என்றேன். "இது என்ரை தொழில்."

இந்த வாக்கியத்தைச் சொல்ல வாய் வந்தால் உங்கள் வாயை நீங்களே பொத்துங்கள்.

தொழில்தான். அலுவலகத்தில் எங்களுக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். ஒருவரை அடையாளம் காட்டுவது என்ன? பெயர், முகவரி, எல்லாவற்றுக்கும் மேலாக, அரசு ஆளுக்கொன்றாகத் தரும் அந்த சிபிஆர் இலக்கம். டென்மார்க்கில் அந்த இலக்கம் இல்லாமல் நீங்கள் பிறக்கவும் முடியாது, நூலகத்தில் புத்தகம் எடுக்கவும் முடியாது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் ஆள் காற்று. நான் பதிவை உட்கார்ந்து வெட்டினேன். அவன் பெயர் வந்த இடத்தில் "பீப்". சுமதியின் பெயருக்கு "பீப்". ஊரின் பெயருக்குக்கூட, என் சொந்தப் பெருந்தன்மையால், ஒரு "பீப்". கேட்டுப் பார்த்தேன். டெனிஷ் சட்டம் என் முதுகில் தட்டிக்கொடுத்தது.

நான் வெட்டாமல் விட்டவை: ஊர்ச் சங்கக்கடைக்கு எதிர்வீட்டு மாமி தன்னோடு இருக்கிறா. சைக்கிள் கடைச் சின்னையாவும் வந்துவிட்டார். வாசிகசாலை மதிலால் விழுந்து கை முறிந்தபோது தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அயல்வீட்டுப் பெரியண்ணையைக் காணவில்லை.

வெட்ட மனம் வரவில்லை. அந்த மாமிக்கும் சின்னையாவுக்கும்தானே ஆட்கள் காத்திருக்கிறார்கள்! அதற்காகத்தானே போடுகிறோம்! அதோடு, இதில் பெயர் எங்கே இருக்கிறது? இதைக் கேட்டு ஒரு டெனிஷ்காரன் ஆளைக் கண்டுபிடிப்பானா?

மாட்டான். அவன் ஒரு மனிதனைச் சந்தித்தால் "என்ன வேலை செய்கிறாய்" என்று கேட்பான். எங்கள் ஆட்கள் என்ன கேட்பார்கள்? "தம்பி எவடம்? ஆரின்ரை மோன்? தாய் எந்தப் பக்கம்?" பெயரைக் கேட்பதே நாலாவதாக, அதுவும் மரியாதைக்கு. கலியாண வீட்டில் சோற்றுக்கு வரிசையில் நிற்கிற நேரத்துக்குள் உங்கள் மூன்று தலைமுறையைக் கண்டுபிடிக்கும் சனத்துக்கு முன்னால், சங்கக்கடையையும் சைக்கிள் கடையையும் வைத்துவிட்டு, பெயரை மட்டும் ஒளித்த மேதை நான். எனக்கும் அந்தச் சனத்தோடுதான் சீவியம். ஆனால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் டெனிஷ்காரனாக மாறிவிட்டேன்.

காலையில் பதிவை ஏற்றிவிட்டு அலுவலகம் போனேன். இடையிடையே ஒளித்துத் திறந்து பார்த்தேன். கேட்டவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. தலைவரின் வாராந்த உரைகளை, தலைவரின் குடும்பத்தையும் சேர்த்து, ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய அளவு பேர்தான் அதுவரை கேட்டிருந்தார்கள். இது பறந்தது. கனடா, லண்டன், பாரிஸ், மெல்பேர்ண். மின்னஞ்சலில் இணைப்பை ஒருவருக்கு ஒருவர் அனுப்பினார்கள். எனக்குத் தலை சுற்றியது, சந்தோசத்தில்.

பின்னூட்டங்கள் வந்தன. முதலாவது: "ஐயோ கடவுளே, இது எங்கடை பாலன்ரை மூத்தவன்ரை குரலெல்லோ! உயிரோடை இருக்கிறான்!"

வாசித்து எனக்குக் கண் கலங்கியது. அன்பு வழிகிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது: "பிழையான தகவல். மூத்தவன் லண்டனிலை. இது இளையவன்."

மூன்றாவது ஆள் இளையவனின் முழுப்பெயரைத் தகப்பன் பெயரோடு எழுதி, தன்னோடு படித்தவன் என்று பாடசாலையையும் சேர்த்திருந்தார். நாலாவது ஆள் பாடசாலை தவறு என்று திருத்தினார். ஐந்தாவதாக ஓர் அக்கா, "தம்பி கவலைப்படாதை அப்பு, நான் உன்ரை பெரியம்மான்ரை மகள். எந்த முகாம் எண்டு ஆருக்கும் தெரியுமோ?" என்று கேட்டிருந்தா. ஆறாவது ஆளுக்குத் தெரிந்திருந்தது. முகாமின் பகுதியையும், கூடாரம் எந்தத் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் என்பதையும் எழுதிவிட்டு, "விபரம் வேண்டியவர்கள் தொடர்புகொள்ளவும்" என்று முடித்திருந்தார்.

பிள்ளைகளே, இதில் ஒருவரும் கெட்டவர் இல்லை. எல்லோரும் பாசத்தில் எழுதினார்கள். ஆனால் பிழையான தகவல் ஒன்றைத் திருத்தாமல் கடந்துபோக எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. ஒரு புலனாய்வுத்துறை வருடக்கணக்கில் தேடி எடுப்பதை, எங்கள் சனம் ஒரு பின்னூட்டப் பெட்டிக்குள் மத்தியானத்துக்கு முன் சரிபார்த்தே கொடுத்துவிட்டது. அந்தப் பெட்டியைத் திறந்து வைத்தவன் அதைச் சனநாயகம் என்று பெயரிட்டிருந்தான்.

ஆறாவதை வாசித்துக்கொண்டிருக்கும்போது சுமதி போன் அடித்தாள். முதியோர் இல்லத்தின் சமையலறையில் நின்று பேசியிருக்க வேண்டும், பின்னால் கோப்பைகள் மோதின.

"அண்ணை, அதை எடுங்கோ. இப்பவே எடுங்கோ."

"எத்தினை பேர் கேக்கினம் தெரியுமே தங்கச்சி?" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

"ஆர் ஆர் கேக்கினம் எண்டு தெரியுமே?" என்றாள்.

உங்கள் தளத்தின் புள்ளிவிபரப் பக்கத்தில் நாடு தெரியும், நகரம் தெரியும், எந்த உலாவி என்றும் தெரியும். அவள் கேட்ட கேள்விக்கு அதில் கட்டம் கிடையாது. கொழும்பிலிருந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நான் காலையில் பார்த்து, "அட, கொழும்பிலும் ரசிகர்கள்" என்று நினைத்திருந்தேன்.

பின்னூட்டங்கள் எல்லாவற்றையும் அழித்தேன், பெட்டியை மூடினேன். பதிவை எடுக்கப் போகும்போது தலைவர் அடித்துவிட்டார். அவருக்கும் எண்ணிக்கை தெரியும், புள்ளிவிபரப் பக்கத்தின் கடவுச்சொல்லை நான்தான் கொடுத்திருந்தேன்.

"என்ன விசர் வேலை பாக்கிறீர்? இப்பதான் உலகம் எங்கடை சங்கத்தைத் திரும்பிப் பாக்குது. இது வரலாறு ஐசே! வரலாற்றை ஆரும் அழிப்பினமே?"

"அண்ணை, அந்தப் பெடியனுக்கு ஏதும் நடந்தால்?"

"அதுக்குத்தானே பீப் போட்டனீர்."

தலைவரை இந்தக் கதையில் வில்லனாக்க ஆசைதான். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் இதையே, இன்னும் நல்ல தமிழில் சொல்லியிருப்பேன். போனை வைத்துவிட்டு, ஒரு அறிவித்தல் எழுதத் தொடங்கினேன். பெரிய சிவப்பு எழுத்தில். "மிக முக்கியம்! தவிர்க்க முடியாத பாதுகாப்புக் காரணங்களால் நீக்கப்பட்ட ஒலிப்பதிவை எவரும் கேட்கவோ பகிரவோ வேண்டாம்!" மன்னிப்பு மூன்று பந்தி. அதில் என் மனவேதனைக்கே ஒரு பந்தி.

மேலாளர் அம்மா கோப்பிக் கோப்பையோடு என் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. அலுவலக நேரத்தில் தமிழ் எழுத்து! ஒளிக்க நேரமில்லை, சொல்லிவிட்டேன். முழுவதையும். கோப்பி ஆறியது. அந்த அம்மா போரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அனுதாபமும் சொல்லவில்லை.

"இதில் என்ன எழுதியிருக்கிறாய்?"

"கேட்க வேண்டாம் என்று."

"உங்கள் மக்கள் அதை வாசித்தால் கேட்காமல் விடுவார்களா?"

"கேட்காதவர்களும் தேடிக் கேட்பார்கள்" என்றேன்.

"அப்படியென்றால் எழுதாதே. இணைப்பு ஏற்கெனவே எல்லாரிடமும் இருக்கிறது. அழித்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும், வெறுமை ஒரு செய்தி. அதே முகவரியில், அதே கோப்புப் பெயரில், வேறொன்றை வை. ஒருவரும் கடைசிவரை கேட்க விரும்பாத ஒன்றை." ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்படி ஏதாவது வைத்திருக்கிறாயா?" என்றார்.

அம்மா, வைத்திருக்கிறேனாவா!

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் நிகழ்த்திய உரை, வெட்டாமல், இருமலோடு, என்னிடம் இருந்தது. சங்கத்தின் விதிகளான யாப்பைத் திருத்துவது பற்றியது. அதை அந்தப் பெயரிலேயே அந்த இடத்திலேயே ஏற்றினேன். அந்த நொடியிலிருந்து கனடாவிலும் பாரிசிலும் யார் அந்த இணைப்பை அழுத்தினாலும், "பெருமதிப்புக்குரிய செயற்குழு உறுப்பினர்களே, உபகுழு உறுப்பினர்களே" என்றுதான் கேட்டது. ஆட்கள் வந்தார்கள், கொஞ்சம் கேட்டார்கள், ஏதோ பிழையான இணைப்பு என்று நினைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் அந்த இணைப்பை அனுப்புவதற்கு ஆளில்லை. ஒருவர் மட்டும் ஒஸ்லோவில் முழு உரையையும் கேட்டு, யாப்பின் ஒரு பிரிவைத் தலைவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று மின்னஞ்சலில் திருத்தி அனுப்பியிருந்தார்.

தலைவருக்கு நான் விளக்கம் சொல்லத் தேவை வரவில்லை. எண்ணிக்கையைப் பார்த்து அவரே அடித்தார். "பாத்தீரோ? சனத்துக்கு யாப்பு விசயத்திலை இவ்வளவு ஆர்வம் இருக்குதெண்டு நான் அப்பவே சொன்னனான்."

ஆனால் பொட்காஸ்ட் என்றால் தெரியும்தானே, சந்தா வைத்திருப்பவர்களின் கணினிக்குள் கோப்பு தானாகவே இறங்கிவிடும். தளத்தில் மாற்றினாலும் அங்கே போனது போனதுதான். நல்ல காலம், தலைவரின் புகழால் எங்களுக்குச் சந்தாதாரர் மிகக் குறைவு, எல்லோரையும் எனக்குத் தெரியும். ஒவ்வொருவராக அடித்தேன். எல்லோரும் அழிக்கிறேன் என்றார்கள். புரொண்பியில் ஒரு பெரியவர், "ஓம் ஓம், இப்பவே அழிக்கிறன் தம்பி. அது சரி, அவன் பாலன்ரை இளையவன்தானே?" என்றார்.

"எனக்குத் தெரியாது அண்ணை" என்றேன். அந்தத் திட்டத்தில் நான் செய்த முதலாவது தொழில்சார்ந்த வேலை அதுதான்.

பதிவை ஏற்றிய அன்று பின்னேரமே சுமதியின் வீட்டுக்குப் போய் அறிக்கை சமர்ப்பித்தேன். தளத்தில் இல்லை, பின்னூட்டம் இல்லை, பிரதி இல்லை, என்னிடமுள்ள மூலப்பதிவையும் இப்போதே உன் கண் முன்னால் அழிக்கிறேன் என்று மடிக்கணினியைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அதையும் அழிச்சால் எனக்கு அவன்ரை குரல் ஏது?" என்றாள். வீட்டுத் தொலைபேசிப் பெட்டியில் இருந்தது, அடுத்தடுத்து வந்த அழைப்புகளால் அழிந்துவிட்டிருந்தது.

காலையில் அவசரப்பட்டு ஏற்றியவன், பின்னேரம் அவசரப்பட்டு அழிக்கப் பார்த்தான். இரண்டு தடவையும் அது யாருடைய குரல் என்று கேட்கத் தோன்றவில்லை. பீப் இல்லாத பதிவை ஒரு யுஎஸ்பி குச்சியில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டு, என்னிடமிருந்ததை அழித்தேன். நீங்கள் ஒருநாள் முழுவதும் சாப்பாட்டோடு படிக்கும் தனியுரிமைப் பயிற்சியில் இதையும் சொல்லித்தருகிறார்களா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் சாப்பாட்டையாவது நன்றாகச் சாப்பிடுங்கள்.

அதன் பிறகு அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. சுமதியைக் கடையில், கோயிலில் காண்பேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள், நானும் ஒன்றும் கேட்கமாட்டேன். மரக்கறியைப் பார்த்துக் கதைப்போம். போன் பிடிபட்டதா, ஆள் பிடிபட்டானா, பிடிபட்டது என்னாலா, அந்த ஆறாவது பின்னூட்டத்தாலா, ஒன்றும் தெரியாது. எங்கள் தொழிலில் பிழை விட்டால் திரையில் ஒரு செய்தி வரும். இதில் அது வரவில்லை. நான் மற்றவர்களுக்குச் செய்த தளங்களில் அந்தக் காலத்தில் பின்னூட்டப் பெட்டி இருக்காது. வாடிக்கையாளர் கேட்டால் "தொழில்நுட்பச் சிக்கல்" என்பேன்.

அடுத்த ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைவர்தான் அடித்துச் சொன்னார். சுமதியின் தம்பியை விட்டுவிட்டார்களாம், கொழும்பில் ஒரு உறவினர் வீட்டில் நிற்கிறானாம், இவள் விடுமுறை எடுத்துப் பறந்துவிட்டாளாம். சொல்லிவிட்டு, "ஆளை ஒருக்கா எங்கடை நிகழ்ச்சிக்குப் பேட்டி எடுக்கேலுமோ?" என்றார். நான் கேட்காதது போல் போனை வைத்தேன்.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து ஒரு உரை தயாரித்தேன். தலைவரோடு இருந்து இருந்து எனக்கும் தொற்றிவிட்டது. நடந்ததை முழுவதும் அவனிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, கடைசியில் அந்த ஒரு கேள்வியைக் கேட்பது: அந்தப் பதிவால் உனக்கு ஏதும் நடந்ததா? அவன் இல்லை என்று சொல்லவேண்டும். அதைக் கேட்டால் நான் சாப்பிடலாம். சுமதியின் இலக்கத்துக்கு அடித்தேன். அங்கே பட்டப்பகல். பின்னால் ஒரு மின்விசிறி கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி, நான்தான். தம்பியோடை ஒருக்கால் கதைக்கவேணும். கனநேரம் எடுக்கமாட்டன். அந்தப் பதிவு விசயமா என்ரை மனசிலை கிடக்கிறதை அவனிட்டைச் சொல்லிப்போட்டனெண்டால் எனக்கு ஒரு ஆறுதல், ஒரு கேள்வி மட்டும் கேட்டுட்டு வைச்சிடுவன், போனை அவனிட்டைக் குடுக்கிறியோ?"

"அவன் நித்திரை அண்ணை, எழுப்பமாட்டன்."